ஏழாம் எண் கிணறு

நான் திரும்பப் பெற்ற கட்டுரை இன்னும் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்தில், இது திரும்பப் பெறப்பட்டது என்று போட்டிருப்பார்கள். என் பெயர்தான் முதலில் இருக்கும். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், மனம் அங்கே நிற்க மறுத்து பிரிக்பீல்ட்ஸ் மாடியறைக்கு ஓடிவிடுகிறது. சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதுகலை படித்த காலத்தில் நானும் என் தோழியும் தலைநகரில் அந்த அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஒரு பூக்கடை. காலையில் மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை படியேறி வரும். என் அத்தா கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். தோழி கேரி தீவில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் மதகு பார்த்தார். கடல் ஏறும்போது மதகை இறக்கி, வற்றும்போது தூக்கிவிடுவது அவர் வேலை.

தீவைச் சுற்றி உப்புத் தண்ணீர். நடுவில், நிலத்துக்கு அடியில், மழை விட்டுச் சென்ற நல்ல தண்ணீர். இரண்டுக்கும் எல்லை எங்கே இருக்கிறது, அது நகர்கிறதா என்பதுதான் எங்கள் இருவருடைய ஆராய்ச்சியும். தோட்டத்தார் நீர்மட்டம் பார்ப்பதற்காக ஆங்காங்கே குழாய்க் கிணறுகள் இறக்கியிருந்தார்கள். மாதம் ஒருமுறை ரயிலில் கிள்ளான் போய், அங்கே பேருந்து மாறி, பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி நிற்போம். தோட்டத்து லோரி ஏதாவது வரும். பின்னால் ஏறிக்கொள்வோம். ஒவ்வொரு கிணற்றிலும் கம்பியில் கட்டிய கருவியை இறக்கி உப்பு எவ்வளவு என்று பார்ப்போம். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, அவள் கெட்டி அட்டை நோட்டில் எழுதுவாள். மதியம் அவள் அம்மா வீட்டில் சோறு. அவள் அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிள்ளான் பிள்ளை என்றுதான் சொல்வார்.

எங்கள் முதல் கட்டுரையை மூன்று பிரதி எடுத்து, பெரிய உறையில் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் அஞ்சலகத்தில் இருவரும் சேர்ந்து போய் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினோம். ஏழு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே, இதழ் கருத்துக் கேட்டிருந்த, பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் கையால் எழுதிய நான்கு பக்கம். எங்கள் வரைபடத்தைத் தானே திரும்ப வரைந்து, இரண்டு கிணறுகளுக்கு நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இங்கே ஒரு வாய்க்கால் ஓட வேண்டும் என்று உங்கள் எண்கள் சொல்கின்றன, இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அடுத்த முறை போனபோது பார்த்தோம். செடி மூடிய பழைய வாய்க்கால் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. தீவில் பிறந்த அவளுக்கே தெரியாது. எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நம் வாய்க்காலைப் பற்றிக் கவலை என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கட்டுரை வெளிவந்தபோது தனிப்பிரதிகள் ஒரு கட்டு வந்தது. அத்தா ஒன்றை வாங்கிக் கடையில் நாற்காலி மேல் வைத்துவிட்டார். சேலை எடுக்க வந்த பெண்கள் துணி வெட்டும்வரை அதைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். மகள் எழுதியது, தண்ணீரைப் பற்றி என்று அத்தா சொல்லுவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து சிலர் பிரதி கேட்டு அஞ்சலட்டை போட்டார்கள். தோழி அந்த அட்டைகளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக வைத்திருந்தாள். ஒரு கட்டுரைக்கு எத்தனை மதிப்பு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அந்த அட்டைகளை எண்ணிச் சொல்லியிருப்போம்.

பிறகு இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் ஆனோம். சில வருடங்களில் படிவம் வந்தது.

ஆண்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டிய படிவம். உலகத்து ஆய்விதழ்களை எல்லாம், அவற்றில் வரும் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து, நான்கு அடுக்காகப் பிரித்திருந்தார்கள். மேலடுக்கில் எழுதினால் நிறையப் புள்ளி. கீழடுக்கில் எழுதினால் கொஞ்சம். பட்டியலிலேயே இல்லாத இதழ் என்றால் ஒன்றும் இல்லை. நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றி நம் ஊரிலேயே வெளிவந்த சின்ன இதழ்கள் எல்லாம் ஒரே வருடத்தில் ஒன்றுமில்லாமல் போயின. அவற்றில் ஒன்றுக்கு நான் சில காலம் பிழை திருத்தியிருக்கிறேன். மூன்றாவது வருடம் அது நின்றுபோனது. நானும் அதற்கு எதுவும் அனுப்பவில்லை.

படிவத்தை நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டுரையாக வரவேண்டியதை மூன்றாக எழுதலாம். வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்தால் மேலடுக்கு இதழில் இடம் கிடைக்கும். எந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் ஆசிரியர்கள் திறந்து பார்ப்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, காடியைச் சாலையோரம் எங்காவது நிறுத்தி, ஓட்டும் இருக்கையிலேயே கட்டுரை திருத்திய நாட்கள் உண்டு. திறமையாக இருக்கிறோம் என்ற மகிழ்ச்சி எனக்கு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அவள் மாதம் ஒருமுறை தீவுக்குப் போனாள், அவ்வளவுதான். மழை, திருமணம், பிரசவம், அப்பாவின் சாவு, எதுவும் நிறுத்தவில்லை. அவளால் போக முடியாத மாதங்களில் அவள் தம்பி போய் அளந்து வந்தார். எப்போது எழுதப்போகிறாய் என்று கேட்டால், இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம் லா என்பாள். உப்பு மெதுவாக நகரும். பத்து வருடத்தில் பார்ப்பதை ஒரு வருடத்தில் பார்க்க முடியாது. அவள் சொன்னது சரி. ஆனால் படிவத்தில் பத்து வருடத்துக்கு இடமில்லை.

நான் தீவைப் பற்றிய அந்தக் கட்டுரையை அப்போதுதான் எழுதினேன். எங்கள் மாணவர் காலத்து அறிக்கையில் இருந்த பழைய எண்களை எடுத்தேன். புதிய எண்களுக்கு ஓர் உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்துத் தீவுக்கு அனுப்பினேன். நான் போகவில்லை. மூன்று கிணறுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டில் பெரிய மாற்றமில்லை. தீவின் நடுவில் இருந்த ஏழாம் எண் கிணற்றில் மட்டும் உப்பு பல மடங்கு ஏறியிருந்தது. கடல் தீவின் நடுவரை வந்துவிட்டது என்று எழுதினேன். மேலடுக்கு இதழ் ஆறு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. மூன்று மதிப்பீட்டாளர்களும் என் கணக்குமுறையைப் பாராட்டினார்கள். கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தோழியைக் கூட்டு ஆசிரியராகச் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம் என்பாள். அதனால்தான் சேர்க்கவில்லை. இது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்த வருடம் இருவரும் இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தோம். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நோட்டுகள் அருமை, ஆனால் வெளியே வந்தது எங்கே என்று எங்கள் புலத் தலைவர் அவளிடம் கனிவாகவே கேட்டாராம். பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான வாழையிலைக் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். சந்தோசமா இருக்கு என்றாள், உண்மையாகவே சொன்னாள். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதுதான், என் தீவுக் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பிறகு அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் ஒரே தாழ்வாரத்தில் வேலை செய்தோம். ஆனால் சேர்ந்து தேநீர் குடிப்பது எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். நாளைக் காலை தீவுக்கு வருகிறாயா, நான் காடி எடுத்து வருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். வா, காட்டுறேன் என்று மட்டும் சொன்னாள்.

பாலத்தைத் தாண்டியதும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அவ்வளவு வருடம் கழித்து வருகிறேன். இளம் செம்பனைகள் இடுப்புயரத்தில் வரிசையாக நின்றன. பழைய மரங்களை எல்லாம் வெட்டி மறுநடவு செய்திருந்தார்கள். எனக்கு இடம் பிடிபடவில்லை. அவள் மண் சாலையில் ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். இறங்கி நடந்தோம். ஒரு குழாய்க் கிணறு. சுற்றிச் சிமெண்டு வளையம். அதில் நீல வண்ணத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.

"இதான் உன் உதவியாளர் அளந்த கெணறு. நிமிந்து பாரு" என்றாள்.

நிமிர்ந்தேன். ஒரு கூப்பிடு தூரத்தில் கடலைத் தடுக்கும் மண்கரை தெரிந்தது. கரைக்கு அந்தப்புறம் அலையாத்தி மரங்களின் தலை. நான் அறிந்த ஏழாம் கிணறு தீவின் நடுவில் இருந்தது. அங்கிருந்து கரையைப் பார்க்கவே முடியாது.

அவள் குனிந்து காட்டினாள். நீல வண்ணத்தை ஓரத்தில் சாவியால் சுரண்டிவிட்டிருந்தாள். அடியில் மங்கிய சிவப்பில் நான்கு.

"ரீபிளான்டிங் செஞ்சப்ப பிளாக் எல்லாத்தையும் மாத்துனாங்க. சில கெணத்து நம்பரையும் சேத்து மாத்திட்டாங்க. உன் மத்த ரெண்டுக்கும் பழைய நம்பர்தான். இது நம்ம பழைய நாலு. இதுல எப்பவும் உப்புதான். நம்ம பழைய ஏழு அங்க நடுவுல இருக்கு, இப்ப அதுக்குப் பதினொண்ணு. நான் போன வாரம்கூட அளந்தேன். நல்ல தண்ணி."

எனக்கு எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பழைய ஏழையும் புதிய ஏழையும் ஒரே கிணறு என்று எண்ணி ஒரே கோட்டில் போட்டிருக்கிறேன். கடல் எங்கும் வரவில்லை. பெயிண்டு வாளியோடு ஒரு தோட்டத் தொழிலாளி நடந்திருக்கிறார், அவ்வளவுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வளையத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். இதழ் வற்புறுத்தியதால் என் எண்களை எல்லாம் இணையத்தில் பொதுவில் வைத்திருந்தேன். யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்ததில்லை. அவள் இறக்கி எடுத்துத் தன் நோட்டோடு மாதம் மாதமாக ஒப்பிட்டிருக்கிறாள். என் ஏழும் அவளுடைய பழைய நாலும் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

"எப்பத் தெரியும்?"

"மூணு மாசம் ஆச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நாந்தான் தப்பா இருப்பேன்னு நெனச்சேன். நீ இவ்ளோ பேப்பர் எழுதுற ஆளு. அதான் திரும்பத் திரும்பப் பாத்தேன்." பிறகு சொன்னாள், "ஜர்னலுக்கு நான் எழுதலாம். எழுத மாட்டேன். நீ எழுதணும்."

திரும்பும் வழியில் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். இன்னொரு நாள் என்றேன். அந்த முகத்தோடு அவர் முன்னால் போய் உட்கார எனக்கு மனமில்லை.

அடுத்த பத்து நாள் நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. இதை எழுதுவதே கஷ்டமாக இருக்கிறது. அவள் சொல்லமாட்டாள், அதனால் யாருக்கும் தெரியாது என்று எண்ணினேன். உதவியாளர் மேல் கோபப்பட்டேன். பாவம், அவர் கிணற்றில் எழுதியிருந்ததைத்தான் எழுதிக்கொண்டு வந்தார். மதிப்பீட்டாளர்கள் மேல் கோபப்பட்டேன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? தீவுக்கு ஒருமுறை போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அரை நாள் வேலை. அந்த அரை நாளை நான் எதற்குச் செலவிட்டேன் என்று யோசித்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பதினோராம் நாள் அவளிடம் புதிய பதினொன்றின் எண்களைக் கேட்டு வாங்கி, ஏழின் இடத்தில் போட்டு, கணக்கைத் திரும்ப ஓட்டினேன். ஏறிக்கொண்டே போன கோடு தரையோடு படுத்துவிட்டது.

கட்டுரையில் என்னோடு பெயர் சேர்த்திருந்த இருவருக்கும் எழுதினேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். வெளிநாட்டுக்காரர், ஒரு சிறு திருத்தம் போட்டால் போதாதா, கட்டுரையை நன்றாக மேற்கோள் காட்டுகிறார்களே என்றார். தலையே இல்லாத கட்டுரைக்கு எதைத் திருத்துவது? இதழுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். தவறைக் கண்டுபிடித்தவள் என்று தோழியின் பெயரையும் சேர்த்தேன். ஏற்றுக்கொள்ள ஆறு வாரம் எடுத்தவர்கள் திரும்பப் பெற எட்டு மாதம் எடுத்தார்கள்.

அந்த அறிவிப்பை அச்செடுத்துப் புலத் தலைவரிடம் கொண்டுபோனேன். இந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்குப் பதவி கொடுத்தீர்கள், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். படிவத்தைக் கணினியில் திறந்து மேலும் கீழும் தேடினார். திரும்பப் பெற்ற கட்டுரைக்கு அதில் கட்டமே இல்லை. அந்த வருடப் புள்ளிகள் அந்த வருடமே முடிந்துவிட்டன, கவலைப்படாதீர்கள் என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். நான் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டுரையை இப்போதும் மேற்கோள் காட்டுகிறார்கள். குறுக்கே ஓடும் சிவப்பு எழுத்தைத் தாண்டி எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. படிப்பதே இல்லை போலும்.

அந்த வருடக் கடைசி விடுமுறையில் தோழியின் கிள்ளான் வீட்டுக்குப் போனேன். உன் நோட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றலாம், கட்டுரையாகக்கூட வேண்டாம், எண்களை எண்களாகவே பொதுவில் வைக்கலாம், இப்போது அப்படி வைக்க இடம் இருக்கிறது என்றேன். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு வருஷம், என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வாரம் அவள் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒரு பக்கம் சர்க்கரை டப்பா, ஒரு பக்கம் அவள் கணவரின் கண்ணாடிக் கூடு. இந்த முறை அவள் சத்தமாகச் சொல்ல, நான் தட்டினேன். சில பக்கங்களில் தீவு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரங்களில் பென்சிலில் குறிப்புகள்: பலத்த மழை. மூடி காணோம். நாய் துரத்தியது. அப்பா ஆஸ்பத்திரி. அட்டவணையில் குறிப்புகளுக்கும் ஒரு பத்தி வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆராய்ச்சியில் நாய் எதற்கு என்றாள். அந்த மாதம் ஏன் ஒரு கிணறு குறைகிறது என்று யாராவது கேட்டால் நாய்தான் பதில் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியதாயிற்று. அப்பா ஆஸ்பத்திரி என்பதை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். விட்டுவிட்டோம்.

மற்றவர்கள் மேற்கோள் காட்ட வசதியாக அந்தத் தொகுப்புக்கென்று ஓர் அடையாள எண் வாங்கி, அவள் பெயரில், இணையத்தில் வைத்தோம். ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேறொரு நாட்டுக் குழு அதை எடுத்துப் பயன்படுத்தி, நல்ல தண்ணீரின் எல்லை தீவின் தெற்கில் மிக மெதுவாக நகர்கிறது என்று காட்டியது. வருடத்துக்குச் சில அடி. அதைக் காண அவளுடைய எல்லா வருடங்களும் தேவைப்பட்டிருந்தன.

அந்தச் சமயத்தில் பல்கலைக்கழகம் படிவத்தை மாற்றியது. புள்ளிகளோடு கூட, செய்த வேலையில் முக்கியமானதை ஒரு பக்கத்தில் சொந்தச் சொல்லில் எழுதலாம் என்றார்கள். நச்சரித்து அவளை விண்ணப்பிக்க வைத்தேன். அவள் எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் போல் தெளிவான எதையும் நான் எழுதியதில்லை. குழு மறுத்துவிட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கை போதவில்லை என்று கடிதத்தில் இருந்தது. படிவம் மாறியிருந்தது, அதைப் படித்தவர்கள் பழைய கட்டத்தையே தேடியிருக்கிறார்கள். நான் கொதித்தேன். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மூத்த விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றாள். இப்போது அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தை எல்லாரும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் எண்ணிக்கையைத் திறக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். சிலருக்கு என் மேல் எரிச்சல். இருக்கட்டும்.

அவள் இன்னும் மாதம் ஒருமுறை தீவுக்குப் போகிறாள். முடிந்தபோதெல்லாம் நானும் போகிறேன். போன மாதம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர், எங்கேயோ இருந்து, அவள் எண்களில் ஒன்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மட்டும் உப்பு பத்து மடங்கு தாவுகிறது, தசமப் புள்ளி இடம் மாறியிருக்குமோ என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார். அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்ன குரலில் அவ்வளவு பரபரப்பு. உடனே வா என்றாள்.

பரணிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. நோட்டில் சரியாக இருந்தது. தட்டியவள் நான்.

"பாத்தியா, ஒருத்தர் ஒவ்வொரு வரியா படிச்சிருக்கார் லா" என்றாள்.

அன்று மதியமே திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று போட்டு, என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று அடியில் ஒரு வரி எழுதினோம். அவருக்கு நன்றி சொல்லி அவள் நீளமாக ஒரு பதில் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நான் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.